தள்ளி நின்று கேட்டவள்

ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரிக்குச் சுற்றுலா வண்டி ஒன்றுகூட வரவில்லை. படகுகள் கரையோரம் மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. படகு இல்லத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த கீர்த்தனா, ஆள் வராத அப்படியொரு மத்தியானத்தில்தான் தன் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரைச் செய்து முடித்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. நாமக்கல்லில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். கணவன் சதீஷ்குமாருக்கு போர்வெல் லாரியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர் பக்கம் எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். கடையைச் சாத்தினால் அவளுக்குப் பாட்டுதான் துணை. போன வருடம் சேலத்தில் பழைய சாமான் விற்பவரிடம் கனமான ஹெட்போன் ஒன்று கிடைத்தது. ஏதோ ஒலிப்பதிவுக் கூடத்தில் கழித்துப் போட்டது, காதை முழுக்க மூடும். ஆனால் அதற்குச் செல்போனின் சக்தி போதவில்லை. எவ்வளவு கூட்டி வைத்தாலும் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல மெலிசாகத்தான் கேட்டது.

அதனால் ஆம்ப்பைத் தானே செய்வதென்று முடிவு செய்தாள். நகத்தளவு ஐ.சி. ஒன்று, ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகையும், பாட்டு உள்ளே நுழையும் வழியில் வைக்க வேண்டிய இரண்டு கெப்பாசிட்டர்களையும் கடை மூலையில் கிடந்த ஒரு பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயரில் இருந்து கழற்றிக்கொண்டாள். மஞ்சள் நிறத்தில் கட்டைவிரல் பருமனுக்கு இருந்த அந்தக் கெப்பாசிட்டர்களை இப்போது யாரும் செய்வதில்லை. எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அடைத்தாள். தகரப் பெட்டி என்றால் வெளி இரைச்சல் உள்ளே வராது, கையில் எடுத்துக்கொண்டு போகவும் வசதி.

முதல் பாட்டைப் போட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இருநூறு தடவையாவது கேட்டிருந்த பாட்டு அது. வீணைத் தந்தியில் விரல் உரசி நகர்வது கேட்டது. பாடுகிற பெண் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தது கேட்டது. தபேலா எங்கே இருக்கிறது, வயலின்காரர்கள் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிக் காட்டலாம் போல இருந்தது. இவற்றையெல்லாம்விட அவளை அசத்தியது பாட்டு முடிந்தபின் வந்த அமைதிதான். வீட்டில் செய்த ஆம்ப்பில் மெலிதான ஓர் இரைச்சல் இருந்தே தீரும் என்று படித்திருந்தாள். இதில் அது துளியும் இல்லை. ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது அந்த அமைதி.

இரண்டு நாள் சந்தோஷமாகக் கேட்டாள். மூன்றாம் நாள், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே யாரோ வாயைக் குவித்து ஊதினார்கள்.

பதிவிலேயே இருக்கும் என்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த இடைவெளியிலும் அது வந்தது. ஒரு ஊதல், அதன்பின் விரலால் டொக் டொக்கென்று இரண்டு தட்டு. வேறு படத்துப் பாட்டு, வேறு வருடத்துப் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டாள். எல்லா இடைவெளியிலும் அதே ஊதல், அதே இரண்டு தட்டு. சாயங்காலம் செல்போனில் இருந்து வயரையே பிடுங்கிவிட்டு ஹெட்போனை மாட்டிப் பார்த்தாள். ஒன்றும் இணைக்காத அந்தப் பெட்டிக்குள் ஒரு ஆண் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு நிதானமாகச் சொன்னது.

"ஹலோ... ஒண்ணு... ரெண்டு..."

மூன்று வரவில்லை. கீர்த்தனா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வெளியே மழை அதே போக்கில் பெய்துகொண்டிருந்தது.

அவள் பயந்து ஓடுகிற ரகம் இல்லை. கையால் செய்த ஆம்ப் சில நேரம் ரேடியோவாகவும் நடந்துகொள்ளும், ஹெட்போன் வயரே ஏரியல் மாதிரி காற்றில் போகும் பேச்சைப் பிடித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். சதீஷ்குமாரும் போனில் அதையேதான் சொன்னான், போலீஸ் வயர்லெஸ்ஸாக இருக்கும் என்றான். மறுநாள் மழை சற்றே விட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இறங்கினாள். அங்கே எந்த டவரும் எடுக்காது. பாறையில் உட்கார்ந்து காதில் மாட்டினாள். குரல் கடையில் கேட்டதைவிடத் தெளிவாகக் கேட்டது.

அங்கேதான் இன்னொன்றையும் கவனித்தாள். 'ரெண்டு' என்று சொன்னபின் அந்த ஆள் போய்விடவில்லை. காத்திருந்தார். மூச்சு விடுவது கேட்டது. மைக்கின்மேல் காற்று மோதுவது கேட்டது. அவரைச் சுற்றி வெட்டவெளி இருந்தது, எங்கோ ஓர் ஆடு கத்தியது. அரை நிமிடம் போல யாருடைய பதிலுக்கோ காத்திருந்துவிட்டு, மறுபடியும் ஊதித் தட்டி, ஒண்ணு ரெண்டு சொன்னார். எண்ணுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் காத்திருப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கடைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தாள். புது ஐ.சி. போட்டாள், குரல் இருந்தது. பேட்டரியை மாற்றினாள், இருந்தது. கடைசியில் அந்த மஞ்சள் கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பற்றவைத்தாள். குரல் போயே போய்விட்டது. நிம்மதியாகப் பாட்டைப் போட்டாள். பாட்டும் போய்விட்டிருந்தது. வீணை, குரல், தபேலா எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டி, தாளில் அச்சடித்த படம் மாதிரி தட்டையாக இருந்தன. பின்னணியில் 'ஸ்' என்று மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது.

நான்கு நாள் அப்படியே கேட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள், தன்மேல் தனக்கே எரிச்சலாக இருந்தும், பழைய கெப்பாசிட்டர்களைத் திரும்ப வைத்தாள். அந்த ஒலியை ஒருமுறை கேட்டபின் மற்றதைக் கேட்க முடியவில்லை. பாட்டு ஓடும்போது ஓடட்டும், முடிவதற்குள் அடுத்ததைத் தட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் பாட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வாத்தியங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அந்த ஆள் நின்றிருந்தார்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் ஒலியைக் குறைக்கத் திருகில் கை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தத் திருகை வேறொருவர் விரல் பல வருடம் திருப்பியிருக்கிறது. அந்தக் குரலை அவளும் கேட்டிருக்கிறாள். கொல்லிமலையில் எந்த நோன்புத் திருவிழா, எந்தக் கல்யாணம் என்றாலும் காலையில் முதலில் கேட்கும் குரல் அது. மலையூர்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரு நாடு என்பார்கள், இவர் ஆலத்தூர் நாட்டு மைக் செட் வேல்முருகன். இரண்டு வருடத்துக்கு முன்னால், சித்திரை நோன்புக்கு தேவனூர் நாட்டில் ஓர் ஊரில் பலாமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டும்போது கிளை முறிந்து விழுந்து செத்துப்போனவர்.

அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை ஆடி மாதத்தில் கடைக்குத் தூக்கி வந்தது அவர் மனைவி கலைமணி. ஓட வைக்க முடியுமா என்று கேட்டாள். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோய்விட்டது, முடியாது என்று கீர்த்தனா சொன்னதும், வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை, இங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுப் போய்விட்டாள்.

கீர்த்தனா பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆலத்தூர் நாட்டுக்குப் பஸ் ஏறினாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். பாகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறெதுவும் பேசாமல் வந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கலைமணி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒடிசலான தேகம். மகள் கவிதாவை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் அவள் மட்டும்தான். வீட்டைச் சுற்றிச் சவுக்கு மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அதற்கு அப்பால் சரிவு முழுக்க மரவள்ளிக் காடு.

காபித்தண்ணி கொடுத்துவிட்டு, என்ன கண்ணு இவ்வளவு தூரம் என்று கேட்டாள். கீர்த்தனா ஜாமெட்ரி பாக்ஸையும் ஹெட்போனையும் எடுத்து வைத்தாள். உங்கள் வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரில் இருந்து சில சாமான் எடுத்தேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். அவ்வளவுதான் என்று சொல்லி முடிக்க அவளால் முடியவில்லை. கண் ஹெட்போன்மேலேயே போய் நின்றது. கலைமணி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைத் தானே எடுத்துத் தலையில் மாட்டினாள்.

அவள் அழவும் இல்லை, அலறவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் தன் ஊர்ப் பெயரைக் கூவிவிட்டார்களா என்று கேட்பவள்போலத் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் கூடவே அசைந்தது. ஒண்ணு. ரெண்டு. பிறகு காதில் இருந்து எடுக்காமலே பேச ஆரம்பித்தாள்.

மைக் சோதிப்பதற்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் மைக்கில் பேச, இன்னொருவர் கடைசிக் குழாய்வரை நடந்து போய் நின்று, கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கேட்காவிட்டால் இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். கல்யாணமான நாளில் இருந்து தள்ளிப் போய் நிற்பது கலைமணியின் வேலை. அந்தச் சித்திரை நோன்பு அன்று வயர்க்கட்டு ஒன்றை வீட்டில் மறந்து வைத்துவிட்டாள் என்று வேல்முருகன் ஊரார் முன்னால் அவளைத் திட்டியிருக்கிறார். வெயிலில் மூன்று தடவை நடக்க விட்டிருக்கிறார்.

"மூணாந்தடவ நல்லாக் கேட்டுச்சு கண்ணு. கணீர்னு கேட்டுச்சு. எனக்குக் கோவம். கேக்கலைன்னு கைய ஆட்டிட்டேன். குழாயத் திருப்பி வைக்கறதுக்கு மனுசன் திரும்ப மரத்துல ஏறுனாரு."

அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள். மகளிடம்கூட இல்லை.

சொல்லிவிட்டு எழுந்தாள். பெட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி, மிளகுக்கொடிகளைத் தாண்டி, மரவள்ளிக் காட்டு வரப்பில் நடந்தாள். கீர்த்தனா பின்னாலேயே போனாள். கலைமணி நூறடி போய் நின்றாள். கேட்டாள். மறுபடி நடந்தாள். என்ன சொல்கிறார் என்று கீர்த்தனா கேட்டதற்கு, இன்னும் தள்ளிப் போகச் சொல்கிறார் என்றாள். அவள் போன பக்கம் காடு முடிந்து பாறைச் சரிவு ஆரம்பிக்கிற இடம். மூடுபனி கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. கீர்த்தனா எட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஹெட்போனின் ஒரு பக்கத்தை இழுத்துத் தன் காதில் வைத்தாள்.

குரல் இல்லை, காத்திருப்பு மட்டும் இருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்புக்குள் மரவள்ளி இலைகள் சலசலத்தன. கலைமணி வீட்டு நாய் குரைத்தது. பனி தொண்டையில் இறங்கி கீர்த்தனாவுக்கு இருமல் வந்தது. இருமினாள். அவள் இருமல் அவளுக்கே ஹெட்போனில் கேட்டது. பக்கத்தில் இல்லை. தூரத்தில் இருந்து, உயரத்தில் இருந்து, மரத்தின்மேல் இருப்பவருக்குக் கீழே நிற்பவள் இருமினால் எப்படிக் கேட்குமோ அப்படி.

பெட்டியில் மைக் எதுவும் கிடையாது. செய்தவள் அவள்தான், அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். வீட்டோரத்துச் சவுக்கு மரங்கள் பனியில் பாதி மறைந்து நின்றன. கிளைகளில் மிளகுக்கொடியைத் தவிர ஒன்றும் இல்லை.

கலைமணி ஹெட்போனை அவளிடமிருந்து மென்மையாக வாங்கிச் சரியாக மாட்டிக்கொண்டாள். வீட்டுப்பக்கம் திரும்பி நின்று, வலது கையை நன்றாக உயர்த்தித் தூக்கினாள்.

"ஏனுங்க, கேக்குதுங்க," என்றாள். "அன்னிக்கும் கேட்டுச்சுங்க."

தூக்கிய கை வெகுநேரம் அப்படியே இருந்தது. பனி வந்து இருவரையும் மூடிக்கொண்டது. பிறகு கலைமணியின் முகம் தளர்ந்தது, ஒரு சின்னப் பெண்ணின் முகம்போல ஆனது. 'சரி, வா' என்று சொல்லிவிட்டாராம். சோதனை முடிந்தால் எப்போதும் அப்படித்தான் மைக்கிலேயே கூப்பிடுவாராம். கீர்த்தனா அவள் முழங்கையை விடாமல் பிடித்து வீடுவரை நடத்திக் கூட்டி வந்தாள்.

பெட்டியைக் கலைமணி திருப்பிக் கொடுக்கவில்லை. கீர்த்தனாவும் கேட்கவில்லை.

தை மாதத்தில் மனம் கேட்காமல் இரண்டு புது பேட்டரிகளை வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். பழையவை இதற்குள் தீர்ந்து போயிருக்கும் என்று சாக்கு. உண்மையில் கலைமணி எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனாள். அவள் முன்னைவிடச் சதை போட்டிருந்தாள். வாசலில் பாய் விரித்துப் பறித்த மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன் இருந்தது. கீர்த்தனா பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேட்டரியும் செத்திருந்தன. ஒன்று கசிந்து பச்சை பூத்திருந்தது. கார்த்திகையிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

இப்போதும் கேட்கிறதா என்று கேட்டாள். கலைமணி ஆமாம் என்றாள். இப்போதெல்லாம் எண்ணுவதில்லையாம். வயர் சுற்றுகிற சத்தம், பீடி பற்றவைக்கிற சத்தம், மூச்சு, அவ்வளவுதானாம். இடையிடையே வா என்று மட்டும் சொல்கிறாராம். நீயும் கேள் என்று ஹெட்போனை நீட்டினாள். கீர்த்தனா வேண்டாம் என்றாள். வா என்று கூப்பிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் அக்கா என்று கேட்டாள்.

"மொளகு பறிச்சு முடியட்டும், வாரேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள் கலைமணி, மிளகைக் கையால் பரத்திக்கொண்டே.

கீர்த்தனா அன்று இருட்டியபின்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரவுச் சமையலைக்கூடச் செய்யாமல் நாமக்கல்லில் இருந்த கவிதாவுக்குப் போன் போட்டாள். அம்மாவைக் கொஞ்ச நாள் வந்து கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொன்னாள், காரணம் சொல்லவில்லை. கவிதா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். மிளகு கிடக்கிறது என்று கலைமணி மறுத்துவிட்டாள். சதீஷ்குமாரிடம் சொன்னபோது, பெட்டியைச் செய்தவள் நீதானே, போய் உடைத்துவிட்டு வா என்றான். பேட்டரி இல்லாமல் ஓடுகிற ஒன்றை உடைத்தால் நின்றுவிடுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

தை போயிற்று. மாசியில் மலை முழுக்க மிளகு பறித்து முடித்து, மூட்டைகள் லாரிகளில் அடிவாரத்துக்கு இறங்கின. கீர்த்தனா தனக்கென்று இன்னோர் ஆம்ப் செய்துகொண்டாள், கடையில் கிடைக்கும் புதுப் பாகங்களைக் கொண்டு. சுமாராகத்தான் பாடியது. அந்த இரைச்சல் அதில் ஓடிக்கொண்டே இருந்தது. இரைச்சல் இருப்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஒவ்வொரு காலையும் கடையைத் திறக்கும்போது ஆலத்தூர் நாட்டுப் பக்கம் இருந்து யாராவது சேதி கொண்டுவருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தாள்.

சேதி எதுவும் வரவில்லை. பங்குனி முதல் வாரத்தில் பொறுக்க முடியாமல் தானே புறப்பட்டுப் போனாள்.

வீட்டைச் சுற்றி எல்லா மரத்திலும் மிளகு பறிக்கப்பட்டுக் கொடிகள் வெறுமையாக இருந்தன. வாசலோரத்துச் சவுக்கில் ஏறிய கொடி மட்டும் தொடப்படாமல் இருந்தது. சரம் சரமாக மிளகு பழுத்து, பறிக்கும் பருவம் தாண்டிச் சிவந்து தொங்கியது. பாதி உதிர்ந்து மண்ணில் கிடந்தது. கலைமணி அதன் அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது. கையில் ஒரு நீளக் குச்சி.

இதை ஏன் பறிக்கவில்லை என்று கீர்த்தனா கேட்டாள்.

கலைமணி ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பறிச்சா முடிஞ்சிருமே கண்ணு."

கவிதாவுக்கு இது மாசம் ஆறு, பிரசவத்துக்கு ஆள் வேண்டாமா என்றாள். அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார், கோபமாகக்கூட இல்லை, ஆனால் இப்போது போவதற்கு இல்லை என்றாள். அடுத்த வருடமும் ஒரு கொடியை விட்டு வைப்பாளாம். பொய் சொல்லவில்லையே, மிளகு இன்னும் பறித்து முடியவில்லைதானே என்று கீர்த்தனாவைப் பார்த்துக் கேட்டாள். கீர்த்தனா ஆமாம் என்று தலையாட்டினாள்.

சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் மரத்தடியில் உட்கார்ந்து அவித்த கிழங்கு சாப்பிட்டார்கள். பழுத்த மிளகுக்குக் கொண்டைக்குருவிகள் ஜோடி ஜோடியாக வந்து இறங்கின. கலைமணி ஒவ்வொரு முறையும் எழுந்து, குச்சியால் கொடியைத் தட்டி, அவற்றை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.